இரவு டியூட்டியில் யார் இருக்கிறார்கள்?

2015-இல் பிரிட்டனின் சுகாதார அமைச்சராக இருந்த ஜெரமி ஹன்ட், வார இறுதியில் பக்கவாதம் வந்தால் உயிரிழக்கும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல் என்று பேசினார். இளம் மருத்துவர்களின் பணி ஒப்பந்தத்தை மாற்ற அவர் முயன்றுகொண்டிருந்த காலம் அது. மருத்துவர்கள் கொதித்தார்கள், மறுவருடம் வேலைநிறுத்தம் வரை போனது. ஆனால் அமைச்சர் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் 2009-10-இல் பக்கவாதத்துக்காகச் சேர்க்கப்பட்ட 93,000-க்கும் அதிகமானோரின் பதிவுகளை அலசி, 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தவர்களில் 11 சதவீதம் பேர் ஏழு நாட்களுக்குள் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். வார நாட்களில் சேர்ந்தவர்களில் 8.9 சதவீதம். சேர்ந்த அன்றே மூளை ஸ்கேன் கிடைப்பதும் வார இறுதியில் குறைவு. தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 350 இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறைப் பற்றி எவ்வளவோ சண்டை நடந்தது. கிழமையைப் பார்த்ததுதான் அந்தச் சண்டையின் கோளாறு என்று நினைக்கிறேன். நோயாளி வந்து இறங்கும் அந்த மணி நேரத்தில் வார்டில் எத்தனை கைகள் இருக்கின்றன, ஸ்கேன் அறை திறந்திருக்கிறதா, முடிவெடுக்கக்கூடியவர் கட்டடத்துக்குள் இருக்கிறாரா என்பதைப் பார்த்தால் கிழமைக்குப் பின்னால் மறைந்திருப்பது தெரியவரும்.

பெரும்பாலான பக்கவாதங்களில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி ஒன்று அடைத்துவிடுகிறது. பெரிய குழாய் அடைபட்டால் சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006-இல் போடப்பட்ட கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பலன் தரும் என்பதை 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்றிருந்த வரம்பு, 2008-க்குப் பிறகு நாலரை மணி நேரமானது. ஆனால் அறிகுறியைப் பார்த்த மாத்திரத்தில் ஊசி போட்டுவிட முடியாது. அடைப்பால் வந்த பக்கவாதமும் ரத்தக்கசிவால் வந்த பக்கவாதமும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். கசிவு இருப்பவருக்கு இந்த மருந்து எமன். ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன், அதைப் படித்துச் சொல்ல ஒருவர், பிறகு துணிந்து மருந்து கொடுக்கச் சொல்ல ஒருவர் என்று ஒரு சங்கிலி தேவைப்படுகிறது. பகல் பதினொரு மணிக்கு அந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு அவற்றில் பாதி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஹன்டின் பேச்சுக்குச் சில மாதங்கள் கழித்து, 2016-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 199 மருத்துவமனைகளில் ஓராண்டில் சேர்ந்த 74,307 பேரின் விவரங்களை, நாள் வாரியாகவும் நேரம் வாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். வார இறுதியில் சேர்ந்தவர்களுக்கும் வார நாட்களில் பகலில் சேர்ந்தவர்களுக்கும் 30 நாள் உயிர்பிழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வார நாட்களின் இரவில் வந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு சற்றுக் குறைந்திருந்தது. சிகிச்சையின் ஒவ்வொரு கட்டமும் வாரத்துக்குள் தனித்தனி ஏற்ற இறக்கத்தோடு இருந்தது: ஊசி மருந்து கிடைக்கும் வேகம் பகலுக்கும் இரவுக்கும் மாறியது, வியாழன், வெள்ளியில் சேர்ந்தவர்கள் பேச்சுப் பயிற்சியாளரையும் இயன்முறை மருத்துவரையும் பார்க்கக் கூடுதலாகக் காத்திருந்தார்கள், ஏனென்றால் இடையில் சனி, ஞாயிறு வந்துவிடும். மருத்துவர்களை வார இறுதியில் கூடுதலாக வேலைக்கு அழைப்பது ஒன்றே மருந்து என்றவர்கள் இந்த விவரங்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

அதே ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வுக்கு இன்னும் கூடுதல் கவனம் கிடைத்திருக்க வேண்டும். பக்கவாத வார்டுகளில் வார இறுதியிலும் நிபுணர் ரவுண்ட்ஸ் வருவதற்கும் நோயாளிகள் பிழைப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. செவிலியர் எண்ணிக்கைக்கும் பிழைப்புக்கும் தொடர்பு தெரிந்தது. வார இறுதியில் பத்துப் படுக்கைக்கு மூன்று செவிலியர் இருந்த இடங்களில் 30 நாளில் இறக்கும் அபாயம் 11.2 சதவீதம், ஒன்றரைப் பேர் என்ற கணக்கில் இருந்த இடங்களில் 15.2 சதவீதம். இதனால் செவிலியர் எண்ணிக்கைதான் காரணம் என்று நிரூபணமாகிவிடாது என்பது சரி. ஆனாலும் பக்கவாத வார்டில் செவிலியர் என்ன செய்கிறார் என்பதை யோசித்தால் இது வியப்பாக இராது. நோயாளிக்கு விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால்கூட அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். ரத்த அழுத்தம் ஏறுவதை, நினைவு மங்குவதை, காய்ச்சல் தொடங்குவதை முதலில் கவனிப்பது படுக்கையருகில் நிற்பவர்தான். இரவில் ஒருவரே இருபது பேரைப் பார்த்தால் எதைக் கவனிப்பார்?

வார இறுதியில் வருகிறவர்கள் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள், லேசான அறிகுறி உள்ளவர்கள் திங்கட்கிழமை வரை பொறுத்திருந்து குடும்ப மருத்துவரிடம் போவார்கள், ஆகவே வித்தியாசம் நோயாளிகளிடம்தான் இருக்கிறது என்று ஒரு மறுப்பு உண்டு. இதில் உண்மை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016-இல் இன்னொரு ஓட்டையையும் காட்டினார்கள்: பழைய பக்கவாதத்துக்கான பரிசோதனைக்கு வார நாட்களில் வந்து போனவர்கள்கூடப் பதிவேட்டில் புதுப் பக்கவாதம் என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் இறக்கும் வாய்ப்பு குறைவு என்பதால் வார நாட்களின் கணக்கு உள்ளதைவிட நன்றாகத் தெரிந்தது. எனவே இறப்பு எண்களை மட்டும் வைத்து வாதாடுவது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனுக்கு எத்தனை நிமிடம், ஊசிக்கு எத்தனை நிமிடம் என்பவை மருத்துவமனையின் நடைமுறையை நேரே காட்டுகின்றன. வாசலுக்கு வந்து சேர்ந்த பின் ஆகும் தாமதத்துக்கு நோயாளியின் நோயைக் குறை சொல்ல முடியாது.

அந்த நடைமுறையை மாற்ற முடியும் என்பதற்கு ஹெல்சிங்கி சாட்சி. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-இல் நோயாளி வாசலுக்கு வந்து ஊசி ஏற 105 நிமிடம் ஆனது. 2011-இல் 20 நிமிடம். ஆம்புலன்ஸ் வழியிலேயே தகவல் கொடுத்தது, அதே ஸ்ட்ரெச்சரில் நேராக ஸ்கேன் அறைக்குப் போனது, அங்கேயே மருந்தைத் தொடங்கியது என்று சின்னச் சின்ன மாற்றங்களைப் பல வருடம் அடுக்கியதுதான் அவர்கள் செய்தது. மெல்போர்னில் ஒரு மருத்துவமனை இதைப் பின்பற்றி நான்கே மாதத்தில் 25 நிமிடத்துக்கு வந்தது. ஆனால் அது அலுவல் நேரத்தில் மட்டும். மற்ற நேரங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. முறை ஒன்று, கட்டடம் ஒன்று. கடிகாரம் மாறியதும் பலன் போய்விட்டது.

எல்லா ஊரிலும் இருபத்துநான்கு மணி நேரமும் முழுக் குழுவை வைத்திருக்கக் கட்டுப்படியாகுமா என்பது இன்னொரு கேள்வி. கட்டுப்படியாகாது, லண்டன் அதை வேறு வழியில் தீர்த்தது. 2010-இல், ஏறத்தாழ முப்பது மருத்துவமனைகளில் சிதறிக்கிடந்த அவசரப் பக்கவாதச் சிகிச்சையை எட்டு மையங்களில் குவித்தார்கள். அந்த எட்டும் இரவு பகல் பாராமல் இயங்கும். ஆம்புலன்ஸ் அரைமணி நேரத்துக்குள் ஏதாவதொன்றை எட்டிவிடும். அருகிலிருக்கும் மருத்துவமனையைத் தாண்டி நோயாளியைத் தூக்கிப்போவதா என்று அப்போது பலர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு கிரேட்டர் மான்செஸ்டரும் சீரமைத்தது, ஆனால் அரைகுறையாக: மூன்று மையங்களில் ஒன்றுதான் முழுநேரம் இயங்கியது, மற்ற இரண்டும் வார நாட்களில் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. அறிகுறி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டுமே அங்கே அனுப்பினார்கள். விளைவை ஒப்பிட்டபோது லண்டனில் 21 மாதங்களில் 168 இறப்புகள் குறைந்திருந்தன. மான்செஸ்டரில் நாட்டின் பிற பகுதிகளைவிடக் கூடுதலான இறப்புக் குறைவு தெரியவில்லை. லண்டனில் 90 நாள் கணக்கில் ஒரு நோயாளிக்கான செலவும் கூடவில்லை, குறைந்தது. 2015-இல் மான்செஸ்டர் பக்கவாத நோயாளிகள் அனைவரையும் மையங்களுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, அங்கே சிகிச்சை பெற்றவர்களிடையே 90 நாள் இறப்பு குறைந்தது.

லண்டன் நெருக்கமான நகரம். பரந்த கிராமப்புறத்துக்கு இந்த வழி அப்படியே ஒத்துவராது. ஜெர்மனியின் பவேரியாவில் 2003-இலிருந்து சிறிய மருத்துவமனைகளின் ஸ்கேனை மியூனிக்கிலும் ரீகன்ஸ்பர்க்கிலும் இருக்கும் நிபுணர்கள் காணொலியில் பார்த்து முடிவு சொல்கிறார்கள். ஊசிக்கு அது போதும். 2015-க்குப் பிறகு நிலைபெற்ற த்ராம்பெக்டமிக்கு, அதாவது தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சைக்கு, அது போதாது. கைத்தேர்ச்சி உள்ளவர் நேரில் நிற்க வேண்டும். ஐந்து முக்கிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, இந்தச் சிகிச்சை பெற்ற ஏறக்குறைய ஒவ்வொரு மூவரில் ஒருவருக்கேனும் ஊனத்தின் அளவு குறைந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பலன் அபூர்வம். ஆனால் இங்கிலாந்திலேயே பல மையங்கள் நெடுநாள் இதைப் பகலில் மட்டுமே செய்தன.

தூக்கத்தில் பக்கவாதம் வந்து விழிக்கும்போது தெரிந்துகொள்பவர்கள் ஐந்தில் ஒருவர் இருப்பார்கள். 2018-இல் வந்த ஆய்வுகள், தகுந்த ஸ்கேன் எடுத்துத் தேர்ந்தெடுத்தால் அவர்களில் சிலருக்கும் இந்தச் சிகிச்சைகளால் பலன் உண்டு என்று காட்டின. அந்தத் தேர்வைச் செய்ய விடியற்காலையில் ஆள் வேண்டும். எனவே ஒரு மருத்துவமனை ‘எங்களுடைய சராசரி இத்தனை நிமிடம்’ என்று பெருமையாகச் சொன்னால், நாம் அந்தச் சராசரியை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்: பகலில் எத்தனை, இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை எத்தனை.