வந்திறங்கும் குடும்பத்துக்கு ஒரு துணைக் குடும்பம்

புதிய இடத்தில் குடியேறும் குடும்பத்துக்கு வீடு, தண்ணீர், உலர் உணவு எல்லாம் அவசியம். இவற்றோடு, சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்கக்கூடிய ஓர் ஆளும் வேண்டும். உதவிப் பட்டியல்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இதை நெடுங்காலமாகச் செய்து வருவோரில் வெளிநாட்டு இராணுவங்களும் அடங்கும். இராணுவத்தின் பழக்கம் நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே நாம் பார்ப்பது, அடிக்கடி இடம் மாறும் மனைவி, பிள்ளைகளின் அனுபவத்தை மட்டுமே.

அவர்கள் செய்வது என்ன?

அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் ஜேர்மனிக்கோ தென்கொரியாவுக்கோ மாற்றப்படும்போது குடும்பமும் உடன் செல்வதுண்டு. அப்போது மூன்று ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன.

1. துணையாளர்: அங்கே ஏற்கெனவே பணிபுரியும் ஒருவர் நியமிக்கப்படுவார். குடும்பம் புறப்படுமுன்பே தொடர்பு கொள்வார். வந்ததும் எதிர்கொண்டு அழைத்து வீடு, பாடசாலை, கடை, வைத்தியசாலை எல்லாம் காட்டுவார்.

2. இரவல் சாமான்: வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சட்டி, பானை, தட்டு முதலியவற்றை இரவலாகப் பெறலாம். 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இராணுவ சமூக சேவை நிலையங்கள் இதைச் செய்கின்றன.

3. பிள்ளைக்குப் பிள்ளை: வரும் பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளை ஒன்று துணையாக அறிமுகப்படுத்தப்படும்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. முன்கூட்டியே ஒரு பெயரைத் தீர்மானித்து வைத்தால் போதும்.

நமது கிராமத்தில்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்களில் பெற்றோருக்கு இது சொந்த ஊர். பிள்ளைகளுக்கோ முன்பின் தெரியாத ஊர். பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். “ஊருக்குத்தானே வந்திருக்கிறார்கள், உதவி எதற்கு?” என்று நாம் நினைத்துவிடக் கூடாது. ஒரு துணைக் குடும்பம் பின்வரும் விடயங்களில் உதவலாம்.

பத்திரங்கள்: இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கே பெற்ற பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவும் வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்துவிட்டு வந்தால் அலைச்சல் குறையும். புறப்படுமுன் இதைத் தொலைபேசியில் சொல்ல ஓர் ஆள் இருந்தாலே பெரிய உதவி. பதியாமல் வந்தவர்களைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள்.

பாடசாலை: அங்கே கல்வியாண்டு வழமையாக ஜூனில் தொடங்கும், இங்கே ஜனவரியில். அங்கே பத்தாம் வகுப்பில் பொதுப் பரீட்சை, இங்கே க.பொ.த. சாதாரண தரம் தரம் 11இன் முடிவில். எந்தத் தரத்தில் சேர்ப்பது என்ற குழப்பம் வருவது இயல்பு. அங்கே “மாற்றுச் சான்றிதழ்” எனப்படுவதும் இங்கே “விடுகைப் பத்திரம்” எனப்படுவதும் ஒன்றுதான். பெற்றோருடன் நீங்களும் அதிபரைச் சந்தியுங்கள். சிங்களம் படித்திராத பிள்ளைக்கு உங்கள் பிள்ளை எழுத்துகளைக் காட்டிக் கொடுக்கலாம். பேச்சு வேறுபாட்டைக் கேலி செய்ய வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

காணியும் கிணறும்: எது நன்னீர்க் கிணறு, எது உவர் என்பது அயலவருக்குத்தான் தெரியும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களை முதல் நாளே காட்டுங்கள். விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகளிடம், தெரியாத பொருளைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லும்படி கூறுங்கள்.

சுகாதாரம்: கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அறிமுகப்படுத்துங்கள். அங்கே போட்ட தடுப்பூசி அட்டையைக் கொண்டு செல்லச் சொல்லுங்கள்.

எவ்வளவு காலம்?

முதல் மூன்று மாதங்கள் துணையாக இருந்தால் நல்லது. முதல் வாரம் தினமும், பின்னர் வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்காக முடிவெடுக்கவும் வேண்டாம். வழியைக் காட்டினால் போதும். அவர்களின் சொந்தக் கதையை வெளியில் பேசாதீர்கள்.

துணைக் குடும்பமாக இருக்க விரும்புவோர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ எமது களப் பணியாளரிடமோ பெயரைக் கொடுங்கள். அடுத்த குடும்பம் வந்திறங்குமுன் அந்தப் பெயர் நம்மிடம் இருக்க வேண்டும்.