இல்லம் நீங்கிய இருவர்: ‘மடோல் தூவ’ நாவல் பற்றிய சில சிந்தனைகள்

இளமைப் பருவத்தில் ஒருமுறையேனும் வீட்டை விட்டு எங்கேனும் போய்விட வேண்டும் என்று எண்ணாதவர் அரியர். தந்தையின் கடுஞ்சொல், ஆசிரியரின் பிரம்பு, பரீட்சை பற்றிய அச்சம், தொலைவிலுள்ள நகரத்தின் கவர்ச்சி ஆகிய இவற்றுள் ஒன்றே அவ்வெண்ணத்தைக் கிளர்த்தப் போதும். எண்ணியவருட் பலர் அன்றிரவே அதனை மறந்து உறங்குவர், சிலரே புறப்படுவர். அச்சிலரின் கதையைப் பல நாட்டு இலக்கியங்களும் விரும்பிப் பேசியுள்ளன. நம் சங்கப் புலவர் இதற்கு ஒரு துறையே வகுத்தனர். தலைவி தன் இல்லம் நீங்கித் தலைவனோடு பாலைவழிச் செல்லுதலை உடன்போக்கு என்றனர். அவளைத் தேடிச் செல்லும் செவிலியின் துயரையும் பாடினர். சென்றவள் மேற்கொண்டது அறநெறியே என்பதையும் எடுத்துரைத்தனர். ஒருவர் இல்லம் நீங்கியதை மதிப்பிடுங்கால், எதனை விட்டுச் சென்றார் என்பதோடு, யாரோடு சென்றார், எதனை நோக்கிச் சென்றார் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும் என்பது அப்பாடல்களாற் பெறப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டின் புகழ்பெற்ற இளையோர் நாவலொன்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அந்நாவல் மார்ட்டின் விக்கிரமசிங்க இயற்றிய ‘மடோல் தூவ’ என்பது. 1890 இல் தென்மாகாணத்துக் கொக்கலையிற் பிறந்து 1976 இல் மறைந்த இப்பேராசான், ‘கம்பெரலிய’ (1944), ‘விராகய’ (1956) முதலிய நாவல்களால் சிங்கள உரைநடை இலக்கியத்தை உயர்த்தியவர். ‘மடோல் தூவ’ 1947 இல் வெளிவந்தது. மடோல் என்பது உப்பங்கழிகளில் வளரும் கண்டல் மரத்தையும், தூவ என்பது தீவையும் குறிக்கும் சிங்களச் சொற்களாம். கொக்கலைக் களப்பில் இப்பெயருடைய தீவு இன்றும் உண்டு. நாவல் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிற் பெயர்க்கப்பெற்றது. 1976 இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இதனைத் திரைப்படமாக்கினார்.

கதையைச் சுருங்கக் கூறுவாம். தாயை இழந்து, தந்தையின் இரண்டாம் மனைவியின் கண்காணிப்பில் வளர்பவன் உபாலி கினிவெல்ல. அவன் வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஜின்னா. இருவரும் இணைபிரியாத் தோழர். ஊராரைத் தொல்லைப்படுத்தும் குறும்புகளில் வல்லவர். தண்டனையும் கண்டிப்பும் பெருகவே இருவரும் ஊரை விட்டு ஓடுகின்றனர். முதலில் ஒரு கமக்காரரிடம் கூலிவேலை செய்கின்றனர். பின்னர், பேய் உலவுகின்றது என்று ஊரார் அஞ்சிய ஆளில்லாத் தீவொன்றிற் குடியேறிக் காடு வெட்டுகின்றனர். நிலத்தைத் திருத்திப் பயிரிடுகின்றனர். விளையாட்டுப் பிள்ளைகளாய்ப் புறப்பட்டவர் உழைப்பாளிகளாய் முதிர்கின்றனர். தந்தை நோயுற்றார் என அறிந்த உபாலி ஊருக்கு மீள்கின்றான். தந்தை இறந்தபின், தன்னை ஒறுத்த சிற்றன்னையின் துன்பத்துக்கு உதவுகின்றான். அதன்பின் தன் தீவுக்கே திரும்புகின்றான்.

இந்நாவலைப் படிப்போர் பெரும்பாலும் உபாலியின் கண்கொண்டே எல்லாவற்றையும் நோக்குவர். கதை சொல்பவன் அவனே ஆதலின் அஃது இயல்பு. ஆயின் உடன்சென்ற ஜின்னாவையும் சற்று நோக்குக. உபாலி விட்டுச் சென்றது வீடு. ஜின்னா விட்டுச் சென்றது வேலைத்தலம். மனம் மாறி மீண்டால் உபாலி மகனாக வரவேற்கப்படுவான். ஜின்னாவோ மீண்டும் வேலைக்காரனாகவே வாயிலில் நிற்பான். ஒரே இரவில், ஒரே வழியிற் புறப்பட்ட இருவரின் பயணங்கள் இவ்வாறு வேறுபடுகின்றன. தீவின் மண்ணில் இருவர் கைகளும் ஒன்றாக உழைக்கும்போதே அவ்வேற்றுமை பெரிதும் தேய்கின்றது. நாவலின் உயிர்நிலை ஈண்டே உளது எனலாம்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் இயற்றிய ‘ஹக்கிள்பெரி பின்’ என்னும் நாவலிலும் (இங்கிலாந்தில் 1884, அமெரிக்காவில் 1885) ஓடுபவர் இருவரே. குடிகாரத் தந்தையின் கொடுமைக்கு அஞ்சித் தான் கொலையுண்டதாகத் தடயம் அமைத்துவிட்டு ஓடுபவன் ஹக். தன்னை விற்றுவிடுவர் என்றறிந்து ஓடும் அடிமை ஜிம். ஓர் ஆற்றுத்தீவிற் சந்தித்த இருவரும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பமேறிச் செல்கின்றனர். சிறுவன் ஓடுவது குறும்பு எனப்படும். அடிமை ஓடுவதோ அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதா, காப்பதா என்று ஹக் தன் மனத்தோடு போராடி, நரகமே வரினும் வருக என்று அவனைக் காக்கத் துணியும் இடத்திலேதான் அச்சிறுவன் ஆண்மகனாகின்றான். தப்பியோடும் கதைகளில் இரண்டாமவன் நிலையைக் கொண்டே முதல்வனின் முதிர்ச்சியை நாம் அளக்கின்றோம்.

ஊவாத் தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர் இக்கதையை எவ்விடத்திலிருந்து படிப்பர்? வகுப்பில் இந்நாவலைப் பற்றி உரையாடியபோது ஒரு மாணவன், “சேர், உபாலிக்கு ஒரு தீவு கிடைத்தது, எங்களுக்கு எது?” என வினவினான். எளிய வினாவே எனினும், அதற்கு விடை கூற நம் வரலாற்றைப் புரட்டல் வேண்டும்.

ஓடிப்போதல் என்பது நம் முன்னோர்க்குக் கதைப்பொருளாக இருந்ததில்லை, வழக்குப்பொருளாக இருந்தது. அமெரிக்காவில் அரசியலமைப்புத் திருத்தத்தால் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட அதே 1865 ஆம் ஆண்டில், இலங்கையில் அவ்வாண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைச் சிறையிலிட அச்சட்டம் இடமளித்தது. தோட்டத் தொழிலாளர் அடிமைகளல்லர்; ஒருமாத அறிவித்தல் கொடுத்து விலகும் உரிமை ஏட்டில் இருந்தது. ஆயின் தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போதே அவர் தலையிற் கடன் ஏறியிருந்தது. அக்கடன் தொகையைக் குறித்த சீட்டைத் ‘துண்டு’ என்றனர். துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தில் ஏற்கமாட்டார். துண்டோடு ஏற்கும் தோட்டமோ அக்கடனைத் தீர்த்தல் வேண்டும். கங்காணியின் கையில் இருந்த ஒரு சிறு கடதாசி, கதவும் பூட்டும் இல்லாமலே மனிதரை லயத்தில் நிறுத்தி வைத்தது. 1921 இலேயே துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தும் தீவு கிடைத்திலது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்வழிப் பல குடும்பங்கள் கடல் கடந்தன. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. உரிமை வந்தபின்னும், குடியிருக்கும் லயத்தின் கீழுள்ள மண் பெரும்பாலோர்க்குச் சொந்தமாகவில்லை. நிலமற்றவர்க்கு ஓரிடத்தை விட்டு விலகுதலும் எளிதன்று. கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மாற்று நிலமும் வீடும் உரிய காலத்தில் அமையாமையால் மக்கள் அங்கேயே வாழ்ந்திருந்தனர். உபாலிக்குக் கிடைத்த தீவின் அருமை இந்நிகழ்ச்சியாற் புலனாகும்.

1924 இல் இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கவே அமைந்த அப்பாதை, பின்னாளில் இளைஞரையும் கொழும்புக்கு இறக்கியது. புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் பிறர் வீடுகளிலும் வேலை தேடி, படிப்பை இடையில் விட்டுச் சென்ற பிள்ளைகள் பலர். கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. எனினும் வறுமை சட்டத்தைக் கேட்டுப் பயணம் புறப்படுவதில்லை. வகுப்பில் ஒரு மேசை வெறிதாகின்றது. சில திங்களின் பின் புதிய சட்டையும் கைப்பேசியுமாக அம்மாணவன் தீபாவளிக்கு ஊர் வருகின்றான். அதனைக் கண்டு மற்றொரு மேசை வெறிதாகின்றது. இவ்வாறு செல்வோரை இழித்துரைத்தல் அறமன்று. அவர் அனுப்பும் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் பல. ஆயினும் உபாலியின் பயணத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

உபாலியும் ஜின்னாவும் கமக்காரரிடம் கூலிகளாகவே நின்றிருப்பின் அந்நாவல் எழுதப்பட்டிராது. ஒரு வீட்டு ஏவலிலிருந்து மற்றொரு வீட்டு ஏவலுக்கு மாறிய இருவரின் செய்தியாகவே அது முடிந்திருக்கும். அவர்தம் பயணத்தை முதிர்ச்சியாக்கியவை நான்கு: தம் கையால் திருத்த ஒரு நிலம், தமக்கெனக் கற்றுக்கொண்ட ஒரு தொழில், ஒருவரையொருவர் கைவிடாத தோழமை, நாணமின்றி ஊர் மீளும் வழி. உடன்போக்குப் பாடிய புலவர் கேட்கக்கூடிய வினாக்களுக்கெல்லாம் இந்நான்கும் விடையாகும். இவற்றுள் ஒன்றும் இன்றி 15 வயதிற் கொழும்புக்குச் செல்லும் சிறுவன் தன் எசமானை மாற்றிக்கொள்கின்றான். தன் நிலையை மாற்றிக்கொள்வதில்லை.

ஆதலின் அம்மாணவனின் வினாவுக்கு என் விடை இரு பகுதியாகும். முதற்பகுதி அவனுக்குரியது. முன்னாளில் ஒரு கடதாசி நம்மவரைப் போகவொட்டாது தடுத்தது. இந்நாளிலோ ஒரு கடதாசி இன்றிப் போதல் தகாது. க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழோ, தொழிற்பயிற்சிச் சான்றிதழோ கையிலிருப்பின், கூலி பேசும்போது நிமிர்ந்து பேசலாம். ஓரிடம் தீதாயின் விட்டு விலகலாம். இரண்டு ஆண்டு பொறுத்துப் புறப்படுபவன் அஞ்சினவன் அல்லன். இரண்டாம் பகுதி மூத்தோராகிய நமக்கும் நாட்டை ஆள்வோர்க்கும் உரியது. சான்றிதழ் கருவியே, தீவு ஆகாது. காடு வெட்டிய பாட்டன்மாரின் பேரருக்கு அவர் வாழும் மண்ணில் உறுதியோடு கூடிய ஒரு துண்டு நிலம் வழங்கப்படுங்காறும், அவ்வினா நம்மை நோக்கியே நிற்கும். அதற்கு விடையிறுக்க வேண்டியவரும் நாமே.

‘மடோல் தூவ’வை நம் மாணவர் படித்தல் வேண்டும். சிங்களக் கிராமத்துச் சிறுவனின் உள்ளமும் தம் உள்ளம் போன்றதே என்பதை அறியும் பயனும் அதனால் உண்டு. படிக்குங்கால் உபாலியின் துணிவை வியப்பதோடு அமையாது, அருகில் மண்வெட்டியோடு நிற்கும் ஜின்னாவையும் உற்று நோக்குவாராக.