கூன்வண்டுக்கு எமனாகும் பூஞ்சை

பருத்திப்பட்டில் அரிசியைப் புடைக்கும்போது முறத்தில் ஊர்கிறதே, மூக்கு நீண்ட பழுப்பு வண்டு, அதுதான் அரிசிக் கூன்வண்டு. பக்கத்து ஆவடியில் இந்திய உணவுக் கழகக் கிடங்கு இருக்கிறது. கிடங்குகளில் மூட்டை அடுக்கைப் பாயால் போர்த்தி, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போடுவதே வழக்கம். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும். தானியப் பூச்சிகளோ இந்தியா உட்படப் பல நாடுகளில் அதைத் தாங்கப் பழகிவிட்டன.

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் மண்ணில் வாழும் பவேரியா பாசியானா என்ற பூஞ்சையிடம் வந்தார்கள். பட்டுப்புழு வெள்ளை பூத்துச் சாவது இதனால்தான் என்று 1835இல் இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி நிறுவினார். நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. வாழைக் கூன்வண்டுக்குப் பவேரியாவும், எருக்குழியில் வளரும் காண்டாமிருக வண்டின் புழுவுக்கு மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையும் தமிழ்நாட்டில் புழக்கத்தில் உள்ளன.

பூச்சி இதைத் தின்னக்கூட வேண்டாம். வித்து உடம்பில் ஒட்டினால் போதும். அது முளைத்து, நொதிகளால் மேல்தோலைக் கரைத்துத் துளைத்து, உள்ளே போய்ப் பெருகும். சில நாட்களில் பூச்சி சாகும். ஈரப்பதம் இருந்தால் சடலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்து அடுத்த பூச்சிக்கும் தொற்றும்.

கிடங்கில்தான் சிக்கல். தாய் வண்டு அரிசியில் துளையிட்டு, முட்டை வைத்து, துளையை அடைத்துவிடுகிறது. புழுப்பருவம் முழுதும் மணிக்குள்ளேயே கழிவதால் வித்து அங்கே எட்டாது. நன்றாகக் காய்ந்த தானியத்தில் பூஞ்சைக்கு ஈரமும் போதாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஏறும் சூடும் அதற்கு ஆகாது. டயட்டம் மண் என்ற தூளைச் சேர்த்தால் பூஞ்சையின் வீரியம் கூடுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தத் தூள் பூச்சியின் மெழுகுப் பூச்சைச் சிதைத்து, வித்துக்கு வழி விடுகிறது.

சோற்றுக்குப் போகும் அரிசியில் பூஞ்சைத் தூளைக் கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வித்துத் தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். காலிக் கிடங்கின் சுவர் வெடிப்பு, தரை இடுக்கு, மரச்சட்டங்களின் அடிப்பக்கம் ஆகியவையே இதற்கு ஏற்ற இடம். பழைய இருப்பு போனபின் வண்டுகள் ஒளிந்திருந்து, புது மூட்டைக்கு ஏறுவது அங்கிருந்துதான். பிரிட்டனில் இந்த வழியில் ஆய்வு நடந்திருக்கிறது. நம் வெக்கையைத் தாங்கும் பூஞ்சை வகையைத் தேர்ந்து, மழைக்காலத்தில் காலியாகும் ஒரு கிடங்கில் முதலில் சோதிக்க வேண்டும். அதுவரை வீட்டு அரிசியை வெயிலில் உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.