சினைப் பசுவின் நஞ்சுக்கொடி: கன்றைக் காக்கும் உறுப்பு, கவனிக்க வேண்டியவை

இரும்புலியூர், முடிச்சூர், படப்பை பகுதிகளில் ஓரிரு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கும் விவசாயிகளே! சினை உறுதியானதும் கவலை தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். கன்று உயிரோடு பிறப்பது நஞ்சுக்கொடியின் (இளங்கொடி) வளர்ச்சியைப் பொறுத்தது.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். மூன்றாவது வார அளவில் கரு கருப்பையில் ஒட்டத் தொடங்கும். பொத்தான் போன்ற 70 முதல் 120 இடங்களில் நஞ்சுக்கொடி கருப்பையோடு இணைகிறது. தாயின் இரத்தம் கன்றின் இரத்தத்தோடு கலப்பதில்லை. சத்தும் பிராணவாயுவும் இந்தப் பொத்தான்கள் வழியாகவே கன்றுக்குப் போகின்றன.

அங்கே இரத்தக் குழாய்கள் கிளைக்க, 'வளர்ச்சிக் காரணிகள்' என்னும் புரதங்கள் சுரக்கின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள செல்களின் மேல் 'ஏற்பிகள்' உள்ளன. ஏரி நிரம்பியிருந்தாலும் மடை திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். அதுபோல, காரணி ஏற்பியில் பொருந்தினால்தான் செல் பெருகும். 1995ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளில், இத்தகைய ஏற்பி ஒன்று இல்லாத சுண்டெலிகளில் சில வகைகளில், நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் கருக்கள் வயிற்றிலேயே இறந்தன.

ஏற்பிகளைத் தூண்ட நம் மாட்டுக்கு ஊசி எதுவும் இல்லை. தாய்ப்பசுவின் தீவனமும் நோய்த்தடுப்புமே நம் கையில் உள்ளவை.

1. கடைசி மூன்று மாதங்களில்தான் கன்று வேகமாக எடை கூடும். ஈனுவதற்கு 60 நாட்கள் முன்பே பால் வற்றச் செய்யுங்கள். கூடுதலாக 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனமும், தினமும் 50 கிராம் தாது உப்புக்கலவையும் கொடுங்கள்.

2. கருச்சிதைவு நோய்க் கிருமி (புருசெல்லா) நஞ்சுக்கொடியில்தான் பெருகும். 5 மாதத்துக்கு மேல் கன்று வீசினால் சந்தேகப்படுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் ஒருமுறை தடுப்பூசி போடுங்கள்.

3. ஈன்று 12 மணி நேரமாகியும் கொடி விழாவிட்டால் கையால் இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கருப்பை புண்ணாகி, அடுத்த சினை தள்ளிப்போகும். கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

4. விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் வழக்கம். நாயும் காக்கையும் இழுத்தால் கிருமி ஊரெங்கும் பரவும், மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

மேலும் விவரங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.