சோழர் காலத்தில் ஓவர்லாக் கிடையாது

சரித்திரப் படத்து ஆடை சரியா, தவறா என்ற பேச்சு தமிழ்நாட்டில் கிரீடம், நகை, நெற்றிக்குறி ஆகியவற்றைத் தாண்டுவது அரிது. ஆடைக்குள் இருப்பது வடிவம் மட்டும் இல்லை. நூல் எதில் நூற்கப்பட்டது, துணி எந்த அகலத்தில் நெய்யப்பட்டது, சாயம் எதிலிருந்து வந்தது, ஓரம் எப்படி அடிக்கப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு. திருப்பூர் மாதிரி ஊரில் இது சட்டென்று கண்ணில் படும். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று, ஒரு தையல் விட்டிருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்புகிறவருக்கு, திரையில் ஆடும் பத்தாம் நூற்றாண்டு நாட்டியக்காரியின் ஆடை ஓரம் ஒரு நொடி புரளும்போது அதில் மூன்று நூல் ஓவர்லாக் ஓடுவது தப்பாது.

ஓவர்லாக் மெஷின் துணியின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே, அந்த விளிம்பைச் சுற்றி நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டு போகும். பிசிறு வராது. அமெரிக்காவின் மெர்ரோ நிறுவனம் 1880களில் உருவாக்கிய நுட்பம் இது. சாதாரணத் தையல் மெஷினுக்கே வயது அதிகமில்லை; சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். அதற்கு முந்தைய ஆடைகளில் தையல் என்றால் பெரும்பாலும் கைத்தையல்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலான துணிக்கு அதுவும் தேவைப்படவில்லை. தறியில் நெய்த துணிக்கு இரண்டு பக்கமும் கரை உண்டு, அது பிரியாது. வெட்டாமல் அப்படியே உடுத்தினால் ஓரம் அடிக்கும் வேலையே இல்லை.

சோழர் கால உடையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கல்லிலும் செம்பிலும் சுவரிலும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இடத்தில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவற்றிலும் செப்புத் திருமேனிகளிலும் ஆண், பெண் இருபாலரும் இடுப்பைச் சுற்றிய தைக்காத துணியோடு காணப்படுகிறார்கள். மேலே துணியைவிட நகைதான் அதிகம். பெண்களுக்குச் சில இடங்களில் மார்புக் கச்சை உண்டு; பல இடங்களில் அதுவும் இல்லை. இது நிஜ வழக்கமா, சிற்பியின் மரபா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. தையலே தெரியாத சமூகம் என்றும் சொல்லிவிட முடியாது. கஞ்சுகம் என்ற சட்டை அணிந்த பணியாளர்கள் சிலப்பதிகாரத்திலேயே வருகிறார்கள்.

ஆனால் தமிழர் மனதில் நிற்கும் சோழர் இந்தச் சுவரிலிருந்து வந்தவர் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை ஓடியபோது ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும்தான் இரண்டு தலைமுறைக்குச் சோழ நாடு. அதற்கும் முன்பே பார்சி நாடகக் குழுக்களும் அவற்றைப் பார்த்து வளர்ந்த தமிழ் நாடகக் கம்பெனிகளும் ராஜா என்றால் வெல்வெட், ஜிகினா, தோளில் தொங்கும் அங்கி என்று முடிவு கட்டியிருந்தன. ரவிவர்மாவின் அச்சகம் 1894 முதல் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த படங்கள் தெய்வங்களுக்கே சேலையும் ரவிக்கையும் உடுத்தின. மேடையிலிருந்து திரைக்கு ஆடைப்பெட்டி அப்படியே இடம் மாறியது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய நாடகத்திலிருந்து வந்தது. சிவாஜி கணேசனின் உடையில் அந்த மேடை நன்றாகவே தெரியும். 1987இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ராமாயணம்' காலண்டர் படத்துக்கு உயிர் கொடுத்தது போல இருந்ததும் இதே வழியில்தான். ஏகா லக்கானி ஆடை வடிவமைத்த மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) வெல்வெட்டைக் கைவிட்டு, சுற்றி உடுத்தும் துணிக்கும் கச்சைக்கும் திரும்பியது. முழுக்கச் சுவரோவியத்துக்கே போயிருந்தால் தணிக்கைச் சான்றிதழ் கிடைத்திருக்காது. பார்ப்பவருக்கும் படம் எடுப்பவருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம் அது. அதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

நேர்மாறான தவறும் உண்டு. தென்னாட்டு அரசர் என்றாலே வெற்று மார்பு என்று நினைப்பது, பிற்காலத்துக்குப் பொருந்தாது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களில் சேதுபதி, மெல்லிய துணியில் தைத்த நீண்ட அங்கியோடு இருக்கிறார். 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் அந்த உலகத்தைச் சேர்ந்தவர். ஆகவே 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் தைத்த அங்கி இருப்பதில் தவறில்லை. ஒரு பாளையக்காரருக்கு அத்தனை பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கேட்கலாம். வண்ணப் படம் புதிதாக இருந்த காலம். வண்ணத்துக்குக் காசு கொடுத்த தயாரிப்பாளர் அதைக் காட்டாமல் விடுவாரா?

சாயத்தில்தான் பிழை அதிகம். அவுரியில் நீலம், சாயவேரிலும் மஞ்சிட்டியிலும் சிவப்பு, மஞ்சளிலும் கடுக்காயிலும் மஞ்சள் சாயைகள், இரும்புக் கரைசலும் கடுக்காயும் சேர்ந்தால் கறுப்பு. பழைய தமிழ்நாட்டுப் பருத்தியின் நிறப்பெட்டி ஏறக்குறைய இவ்வளவுதான். இந்த நிறங்கள் மங்கலானவை என்பதும் தப்பு. சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணியின் சிவப்பைத் தேடி ஐரோப்பியர் கப்பலேறி வந்தார்கள். ஆனால் கண்ணைப் பறிக்கும் ராணிப் பிங்க், கிளிப்பச்சை, மின்னும் ஊதா ஆகியவை வேறு கதை. வில்லியம் பெர்கின் 1856இல் லண்டனில் செயற்கை ஊதாவைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அடுத்த மூன்றாண்டில் மெஜந்தா வந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரிச் சாகுபடியைச் சாய்த்தது. வேலு நாச்சியார் காலத்துப் படத்தில் ராணிப் பிங்க் சேலை வந்தால், அந்தச் சாயம் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது என்று பொருள்.

வெள்ளைக்கும் வயது உண்டு. இன்று பிளீச்சிங் பட்டறையிலிருந்து வரும் வெள்ளைத் துணியில் டினோபால் போன்ற பொருள் ஏறியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகிறது. படப்பிடிப்பு விளக்கில் அந்த வேட்டி பல்பு மாதிரி எரியும். இந்தப் பொருள்கள் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பழைய வெள்ளை என்பது காடாத் துணியை உவர்மண்ணில் ஊறவைத்து, அடித்து, வெயிலில் காயவைத்த வெள்ளை. கொஞ்சம் பழுப்போடிய பால் நிறம். விவரம் தெரிந்த காஸ்ட்யூமர்கள் புது வேட்டியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்பது இதற்காகத்தான்.

இன்னொரு குறுக்குவழி, பழைய காலம் என்றால் சொரசொரப்பான துணி என்று வைத்துக்கொள்வது. கதரின் நினைவு அப்படி ஆக்கிவிட்டது. கையால் நூற்ற நூலில்தான் டாக்கா மஸ்லினும் ஆரணி மஸ்லினும் நெய்யப்பட்டன. ஏழை உடுத்தியது முரட்டுத் துணி, அரசன் உடுத்தியது அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. இருவருக்கும் ஒரே சாக்குத் துணி உடுத்திவிட்டு எளிமை என்று சொல்வது சரித்திரமாகாது. சோழ நாட்டு வீட்டு முற்றத்தில் பாட்டி ராட்டை சுற்றும் காட்சியும் ஐயத்துக்குரியது. இந்தியாவில் ராட்டையைப் பற்றிய தெளிவான முதல் எழுத்துக்குறிப்பு 1350இல் இசாமி எழுதிய பாரசீக நூலில் வருகிறது. அதற்கு முன் கையில் சுழற்றும் கதிர்தான்.

பெண்களின் ரவிக்கை தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்று பாரம்பரியம் என்று கருதப்படும், முன்கொசுவம் வைத்து இடது தோளில் முந்தானை போட்டு ரவிக்கையோடு உடுத்தும் முறை நாடெங்கும் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து; வங்காளத்தில் தாகூர் குடும்பத்து ஞானதாநந்தினி தேவி அதில் முக்கியமானவர். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலையில்தான் அரசு அறிவிப்பு வந்தது. கொங்கு நாட்டில் பின்கொசுவம் வைத்து, ரவிக்கையில்லாமல் சேலையால் மாரை மூடிக்கொண்ட பாட்டிமாரை இருபதாம் நூற்றாண்டின் பின்பாதிவரை பார்க்க முடிந்தது. இவ்வளவு பெரிய வரலாற்றை நம் படங்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கூலிக்காரப் பெண்ணுக்கும் கப் வைத்துத் தைத்த, பின்னால் கொக்கி போட்ட ரவிக்கை கிடைத்துவிடும். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இதில் விலக்கு. கோலார் தங்க வயலுக்கு வேலைக்குப் போன வட ஆற்காட்டு மக்களின் கதை. நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். பெண்கள் ரவிக்கையில்லாமல் வருகிறார்கள். முதல்முறை ரவிக்கை கையில் கிடைத்ததும் அதைப் போட்டுப் பார்த்து அவர்கள் கொண்டாடுவது ஒரு பாட்டாகவே வளர்கிறது. சரியான ஆடை கதையை நகர்த்தும் என்பதற்கு அண்மைத் தமிழ்ப் படங்களில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் தேதிகள் கறாராகிவிடுகின்றன. காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, மதுரையில். அதற்கு முந்தைய காட்சியில் அவர் தலைப்பாகை, குல்லாய், சட்டை என்று ஏதோ ஒன்றோடுதான் இருக்க வேண்டும். ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) இந்தப் படிகளைப் பொறுமையாகக் காட்டியது. ஜான் மோலோவுடன் சேர்ந்து அதற்கு ஆடை வடிவமைத்த பானு அத்தையா ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் ஆனார். காந்தி குல்லாய் 1920ஐ ஒட்டித்தான் பரவியது. 1908இல் சிறைக்குப் போன வ.உ.சி.யைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் அந்தக் குல்லாய்க்கு வேலையில்லை.

திருப்பூரிலேயே ஒரு காட்சியை எடுத்துப் பார்க்கலாம். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் போலீஸ் தடியடி பட்டு, மறுநாள் உயிர்விட்டார் குமரன். படமெடுப்பவர் முதலில் கொடியைப் பார்க்க வேண்டும். காவி, வெள்ளை, பச்சையின் நடுவில் ராட்டை உள்ள கொடியைக் காங்கிரஸ் ஏற்றது 1931 ஆகஸ்டில். அசோகச் சக்கரம் 1947 ஜூலையில்தான். உடை கதர். அன்றைய திருப்பூர் கதருக்குப் பேர்போன ஊர். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு ஆளுக்கொரு வெள்ளைப் பனியன் மாட்டிவிட்டால்தான் கெட்டுவிடும். இந்தியாவில் பின்னலாடைத் தொழில் 1893இல் கல்கத்தா கிதிர்பூரில் தொடங்கியது. திருப்பூருக்குக் கையால் சுற்றும் மெஷின்கள் வந்து குலாம் காதர் தொழிலைத் தொடங்கியது 1920களில். குமரன் விழுந்த தெருவில் பனியன் புதுச் சரக்கு. மேல்துண்டு மட்டும் போட்ட உடம்புதான் அதிகம்.

அண்மைக் காலக் கதைகளில் வேறு விதமாகத் தவறு நேர்கிறது. 1970களின் வட சென்னையில் நடக்கும் 'சார்பட்டா பரம்பரை' (2021), 1980இன் மதுரையில் நடக்கும் 'சுப்ரமணியபுரம்' (2008) போன்ற படங்களுக்குப் பருத்தியை விடப் பாலியெஸ்டர்தான் உண்மை. டெரிகாட்டன் சட்டை, அகலக் காலர், பெல்பாட்டம் என்று ஊரே அலைந்த காலம். வியர்வை ஊறாமல் முதுகில் ஒட்டும் அந்தச் சட்டையைத் தூய பருத்தியில் தைத்துக் கொடுத்தால், மடிப்பு விழும் விதமே காட்டிக்கொடுக்கும். பனியனும் அப்படித்தான். குழாயாகப் பின்னிய துணியில் செய்த பழைய பனியனுக்குப் பக்கத் தையல் இல்லை. இரண்டு மாதத் துவைப்பில் கழுத்து தொங்கி, அக்குள் இறங்கிவிடும். இன்று நடிகர்கள் போடும் பனியனில் லைக்ரா கலந்திருக்கிறது. உடற்பயிற்சி செய்த மார்பில் தோல்போல ஒட்டுகிறது. 1970களின் இறுதிவரை திருப்பூர் பெரும்பாலும் உள்நாட்டுக்கு வெள்ளை உள்ளாடை செய்த ஊர். இத்தாலிக்கும் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் ஏற்றுமதி தொடங்கிய பிறகுதான் கலர் டீ-ஷர்ட், பிரிண்ட், அதில் மிஞ்சிய செகண்ட்ஸ் எல்லாம் காதர்பேட்டைக் கடைகள் வழியாக ஊர் ஊராகப் போயின. 1975இல் கிராமத்துப் பையன் பிரிண்ட் போட்ட டீ-ஷர்ட்டில் வந்தால் சந்தேகப்படலாம்.

எல்லாப் பிழையும் அறியாமையால் வருவதில்லை. நூற்றுக்கணக்கான துணை நடிகர்களுக்கு ஒரே இரவில் உடை வேண்டும். வாடகைக் கடையில் இருப்பதுதான் கிடைக்கும். சண்டைக் காட்சியில் சுற்றிய துணி அவிழும். உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தைத்தே ஆக வேண்டும். புதுத் துணியைப் பழசாக்குவது தனி வேலை. சந்தையிலிருந்து வந்த மடிப்புக் கலையாத வேட்டியில் பஞ்சகாலத்து விவசாயி நிற்பது, வடிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பொய்தான். தேயிலைத் தோட்டக் கொத்தடிமைகளைப் பற்றிய பாலாவின் 'பரதேசி'க்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். நைந்து, அழுக்கேறி, உடம்போடு மக்கிய அந்தத் துணிகளில் அழகு எதுவும் இல்லை. துணியை இப்படிப் பழசாக்கக் கல் போட்டு அலசுவது, என்சைம் வாஷ் கொடுப்பது, நிறம் இறக்குவது எல்லாம் திருப்பூர் வாஷிங் யூனிட்டுகளில் அன்றாட வேலை.

நெசவும் பக்கத்திலேயே இருக்கிறது. நெகமத்தில் பருத்திச் சேலை, சென்னிமலையில் போர்வை, பவானியில் ஜமக்காளம் இன்னும் கைத்தறியில் ஓடுகின்றன. அவுரிச் சாயமும் சாயவேரும் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. கோடிக்கணக்கில் கிராஃபிக்ஸுக்குச் செலவிடும் தயாரிப்பாளர்கள், முக்கியப் பாத்திரங்களுக்காவது படப்பிடிப்புக்கு ஆறு மாதம் முன்பே இந்தத் தறிகளில் ஆர்டர் கொடுக்கலாம். முடியாதவர்கள் ஓவர்லாக் அடித்த பக்கத்தையாவது உள்ளே மடித்துக் கைத்தையல் போடச் சொல்லட்டும்.