ஆலுக்கு முன்னே ஓடும் பட்டியல்

கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். பயனர் தெரிவுசெய்யும் நிபந்தனைகளை ஓடும்போதே திரட்டி, எல்லாம் மெய்யா என்று பார்க்கும் பைத்தனின் 'ஆல்' சார்பிடம் பட்டியலாகக் கொடுக்கிறாராம். முதல் நிபந்தனை பொய்யானாலும் மிச்சமெல்லாம் ஓடி முடிகின்றனவாம். ஏன் என்று கேட்கிறார்.

'அன்ட்' இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கத்தைத் தொடாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் படகுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில், கடலுக்குப் போகலாமா என்று எங்கள் கரையில் யார் காற்றைப் பற்றி விசாரித்தார்கள்? 'அன்ட்' இப்படி நிற்பது அந்த மாணவருக்கும் தெரிந்ததுதான்.

வில்லங்கம் சதுர அடைப்புக்குறியில் இருக்கிறது. 'ஆல்' தானும் முதல் பொய்யில் நின்றுவிடும். ஆனால் சார்பைக் கூப்பிடுமுன் அதற்குள் போகும் பட்டியலைப் பைத்தன் முழுதாகக் கணித்துவிடுகிறது. 'ஆல்' கண் விழிக்கும்போது வேலை முடிந்திருக்கும். ஃபார் வைத்து எழுதிய பட்டியலானால் அந்த அடைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். அது ஜெனரேட்டர் ஆகிவிடும். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத்தான் தரும். 2004இல் வந்த பைத்தன் 2.4 தந்த வசதி இது.

எல்லா இடத்திலும் இது போதாது. 'மாணவர் தொகை பூச்சியமல்ல', 'மொத்தப் புள்ளியைத் தொகையால் வகுத்தால் 40க்கு மேல்' என்ற இரண்டையும் கையால் பட்டியலிட்டால், தொகை பூச்சியமானதும் வகுத்தற் பிழையில் செய்நிரல் விழும். காவலுக்கு வைத்த முதல் நிபந்தனையால் பயனே இல்லை. ஒவ்வொரு நிபந்தனையையும் லாம்டாவாக்கிச் சேர்த்து, ஜெனரேட்டருக்குள் ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். சுழலுக்குள் லாம்டா ஆக்குவோர் கவனம்: அவை எல்லாம் சுழல்மாறியின் கடைசி மதிப்பையே பார்க்கும். மதிப்பை முன்னிருப்பு அளபுருவாக அங்கேயே கட்டிவிடுங்கள்.

1990இல் பிறந்த ஹாஸ்கெல் மொழியில், தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் இந்தச் சோம்பல் இயல்பிலேயே உண்டு. பைத்தனில் நாமாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு, நிபந்தனைகளை எழுத்துச் சரமாக ஒட்டி, சரத்தை நிரலாக ஓட்டும் 'இவால்' சார்பிடம் கொடுத்தால் 'அன்ட்' ஒழுங்காக நின்றுவிடுமே என்பார்கள். நிற்கும்தான். ஆனால் பயனர் தட்டிய சரத்தில் கோப்பை அழிக்கும் கட்டளை இருந்தால் அதுவும் ஓடும். உள்ளமைந்த சார்புகளை மறைத்து வைப்பதும் நம்பத்தக்க பூட்டு அல்ல. வகுப்புகளில் 'இவால்' வித்தையைக் காட்டுகிறவர்கள் இந்த ஆபத்தையும் அன்றே சொல்லித்தர வேண்டும்.

தம்பி, மலிவான சோதனைகளை முன்னுக்கும் தரவுத்தளத்தைத் தட்டுகிறவற்றைப் பின்னுக்கும் வையுங்கள். 'இவால்' எங்காவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.