வளர்ந்தோர்க்கான பயிற்சிப் பட்டறை: புதுக்கோட்டை காட்டும் நெறி

கற்றலுக்கு வயது எல்லை இல்லை என்பர். ஆயினும் சிறுவர் கற்கும் முறை வேறு. வளர்ந்தோர் கற்கும் முறை வேறு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவர் பயிற்சிக்கு வருகிறார் எனில், ஓய்வையோ கூலியையோ இழந்தே வருகிறார். கற்பது தம் வாழ்விற்குப் பயன்படாது எனத் தோன்றினாலும், தம்மைச் சிறுவர்போல் நடத்தினாலும், மறுநாள் அவர் வாரார்.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டதற்குப் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் சிறந்த சான்றாகும். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி ஏற்றப்பட்டபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்துடன் மிதிவண்டிப் பயிற்சியும் இணைக்கப்பட்டது. வேலைக்கும் சந்தைக்கும் பிறரை எதிர்பார்த்திருந்த பெண்கள் தாமே சென்றுவர விரும்பினர். மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்யப்பட்டது. பெண்களுக்குரிய வண்டி கிடைக்காதவிடத்து, ஆடவர் வண்டியிலேயே பழகினர். பழகியவர் பிறரைப் பழக்கினர். இவ்வாறு கற்ற பெண்கள் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது.

இதிலிருந்து பயிற்சி அமைப்போர் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, கற்போரின் தேவையை முன்னரே கேட்டறிந்து பாடத்தை வகுத்தல். இரண்டாவது, சொற்பொழிவைக் குறைத்துச் செயலைக் கூட்டுதல். மிதிவண்டியைப் பற்றிக் கேட்டு எவரும் மிதிவண்டி ஓட்டக் கற்றதில்லை. மூன்றாவது, கற்றவரையே கற்பிப்பவராக்குதல். கற்போரை வெற்றுக் கலமாகக் கருதிச் செய்திகளை இட்டு நிரப்பும் கல்வியைப் பிரேசில் நாட்டு அறிஞர் பாவ்லோ பிரெய்ரே கண்டித்ததும் இக்கருத்துப் பற்றியே.

பல்துறையினர் ஒருங்கே அமரும் பட்டறையில் ஓர் ஐயம் எழும்: செவிலியர்க்கும் கணக்கர்க்கும் கடைசல் இயந்திரம் இயக்குபவர்க்கும் பொதுப்பாடம் யாது? பாடம் வேறாயினும் சிக்கல் ஒன்றாக இருக்கலாம். ‘பணியில் நேர்ந்த பிழையை எவ்வாறு கண்டறிந்தீர்?’ என்று வினவி, துறை கலந்த ஐவர் ஐவராய் அமர்த்துக. மருந்தின் அளவைச் செவிலியர் இருமுறை நோக்குவதும், கூட்டுத்தொகையைக் கணக்கர் மீண்டும் சரிபார்ப்பதும், இயந்திரத் தொழிலாளி உருப்படியை அளந்து பார்ப்பதும் ஒரே நெறியே என அவர்களே காண்பர். பின்னர் ஒவ்வொருவரும் தம் பணியிடத்தில் செய்யவிருக்கும் ஒரு மாற்றத்தை எழுதிச் செல்லுதல் வேண்டும். சில வாரங்கள் கழித்து அதன் பயனை ஆராய மீண்டும் கூடுதலும் நன்று.

வளர்ந்தவர் வெறுங்கையுடன் வருவதில்லை. பட்டறிவைச் சுமந்து வருகிறார். அதனை மதித்து இடங்கொடுக்கும் பயிற்சியே நிலைபெறும். நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக.